முதற்பந்தை எதிர்நின்றவர்

மாந்தரின் வரலாற்றை எழுதிய பண்டை அரபு அறிஞர்கள், தாம் எழுதப் புகுந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து, ஒவ்வொரு தலைமுறையையும் ஓர் அடுக்காக வைத்து எழுதும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். அத்தகைய நூல்களுக்குத் 'தபகாத்' என்று பெயர். மார்க்க அறிஞர்களுக்கு மட்டுமே அம்முறை உரியது என்று எண்ணிவிட வேண்டா. இப்னு ஸல்லாம் என்பார் கவிஞர்களை அடுக்கி எழுதினார். இப்னு அபீ உஸைபிஆ என்பார் மருத்துவர்களை அடுக்கி எழுதினார். இம்முறையால் விளையும் நன்மை ஒன்றுண்டு. ஒருவரைத் தனியே நிறுத்தி எடைபோடாமல், அவருக்கு முன் வந்தவர் யார், பின் வந்தவர் யார், முன்னவரிடமிருந்து அவர் பெற்றது எது, பின்னவருக்கு அவர் விட்டுச் சென்றது எது என்று பார்த்து எடைபோட முடிகின்றது.

இம்முறையை நாம் இங்கே ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரருக்குப் பொருத்திப் பார்க்க விழைகின்றோம். இலக்கிய ஏட்டில் பந்துக்கும் மட்டைக்கும் என்ன வேலை என்று வாசக நேயர்கள் வினவக்கூடும். ஒரு மனிதனை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் வினா எழுகின்ற இடமெல்லாம் வரலாற்றாசிரியனுக்கு வேலை உண்டு என்பதே நம் விடை. இன்று மாணவரை மதிப்பெண்ணாலும், நூலாசிரியரைப் பதிப்பு எண்ணிக்கையாலும், வணிகரை வரவு செலவாலும் அளந்து முடித்துவிடுகின்றோம். எண்ணால் அளக்கும் இப்பழக்கம் வேறெங்கும் காணாத அளவுக்கு முற்றியிருக்கும் துறை கிரிக்கெட். அங்கே ஒருவர் வீசிய ஒவ்வொரு பந்தும், எடுத்த ஒவ்வோர் ஓட்டமும் ஏட்டில் ஏறிவிடுகின்றது. அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டும் ஒரு மனிதரைத் தவறாக எடைபோட முடியும் என்பதற்குத் தமிழகத்தின் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் சான்றாக நிற்கிறார்.

முதலில் கணக்கையே பார்ப்போம். சர்வதேச டெஸ்ட் ஆட்டங்களில் இந்தியாவுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய தமிழகத்தார் மூவரை எடுத்துக்கொள்வோம். முரளி விஜய் 61 டெஸ்டுகளில் 12 சதங்களுடன் 3982 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 38.28. சடகோபன் ரமேஷ் 19 டெஸ்டுகளில் 1367 ஓட்டங்கள், சராசரி 37.97. ஸ்ரீகாந்த் 43 டெஸ்டுகளில் 2062 ஓட்டங்கள், சதங்கள் இரண்டே, சராசரி 29.88. எண்ணே அளவுகோல் என்றால் மூவரில் கடைசியில் நிற்பவர் ஸ்ரீகாந்த். ஆயினும் திருவண்ணாமலையின் தேரடி வீதியில் ஐம்பது வயதைக் கடந்த எவரையேனும் நிறுத்தி, தமிழகத்தின் தொடக்க ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், முதலில் வாயில் வரும் பெயர் அவருடையதாகவே இருக்கும். மக்களின் நினைவு பிழையா, கணக்கு பிழையா? இரண்டும் பிழையல்ல என்றால் இரண்டுக்கும் இடையே விடுபட்டது எது?

தொடக்க ஆட்டக்காரரின் பணி

இதற்கு விடை காணத் தொடக்க ஆட்டக்காரரின் பணி இன்னதென்று அறிய வேண்டும். கிரிக்கெட் பந்து புதியதாக இருக்கும்போது கடினமாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அதன் நடுவே ஓடும் தையல் மேடு கூர்மையாக நிற்கும். அப்பந்து காற்றில் வளையும்; தரையில் பட்டதும் தையலின் போக்கில் திரும்பும்; எதிர்பாராத உயரத்துக்கு எழும். 22 கஜத் தொலைவை வேகப்பந்து அரை நொடிக்கும் குறைவான பொழுதில் கடந்துவிடுகின்றது. களத்தின் தன்மை எத்தகையது என்று ஒருவருக்கும் தெரியாத அந்த முதல் மணி நேரத்தில், எதிரணியின் மிக வேகமான இருவரைச் சந்திப்பவரே தொடக்க ஆட்டக்காரர். பின்னால் வருவோர் பழகிய களத்தையும் தேய்ந்த பந்தையும் பெறுகின்றனர். முன்னால் செல்பவருக்கு அப்பேறு இல்லை.

ஆகவே இப்பணிக்குப் பொறுமையே முதல் தகுதி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அடிக்காமல் விடவேண்டிய பந்தை விடுவது, உடலில் அடி வாங்கினாலும் மட்டையை நேராக வைத்திருப்பது, பந்தின் பளபளப்பு தேயும் வரை நின்று அடுத்தவருக்கு வழி செய்வது என்பவையே இலக்கணம். இவ்விலக்கணத்தைப் பயின்றவர்கள் பலர், மீறியவர்கள் சிலர். மீறியவர்களின் வரிசை இந்தியாவில் ஸ்ரீகாந்திடம் தொடங்கவில்லை.

முன்னோர் அடுக்கு

இந்தூரில் 1914ஆம் ஆண்டு பிறந்த சையித் முஷ்தாக் அலி, அவ்வரிசையின் முதல்வர். 1936ஆம் ஆண்டு ஜூலையில் மான்செஸ்டர் நகரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில், இங்கிலாந்து 571 ஓட்டங்களைக் குவித்து, இந்தியா முதல் இன்னிங்ஸில் 203க்குச் சுருண்டிருந்த வேளையில், முஷ்தாக் அலியும் விஜய் மெர்ச்சண்டும் இரண்டாம் இன்னிங்ஸைத் தொடங்கினர். மெர்ச்சண்ட் இலக்கணத்தின் வடிவம். முஷ்தாக் அலியோ வேகப் பந்தை நோக்கி இறங்கி வந்து அடிப்பவர். இருவரும் சேர்ந்து 203 ஓட்டங்கள் எடுத்தனர். முஷ்தாக் அலியின் 112, இந்தியர் ஒருவர் வெளிநாட்டு மண்ணில் எடுத்த முதல் டெஸ்ட் சதம்.

முஷ்தாக் அலியின் டெஸ்ட் கணக்கு முழுவதும் பதினொரு ஆட்டங்களே, 612 ஓட்டங்கள், சராசரி 32.21. உலகப் போர் அவருடைய நல்ல ஆண்டுகளை விழுங்கியது. அவருடைய கடைசி டெஸ்ட் நம் சென்னைச் சேப்பாக்கத்தில் 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்றது. இந்தியா டெஸ்ட் ஆட்டத்தில் பெற்ற முதல் வெற்றியும் அதுவே என்பது எண்ணத்தக்கது. 2005ஆம் ஆண்டு அவர் மறைந்தார். இன்று இருபது ஓவர் ஆட்டங்களுக்கான உள்நாட்டுக் கோப்பை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பதினொரே டெஸ்ட் ஆடியவரின் பெயரை அக்கோப்பைக்கு இட்டவர்கள், சராசரியைப் பார்த்து இடவில்லை என்பது தெளிவு.

அடுத்த அடுக்கில் வினு மன்கட், பங்கஜ் ராய் ஆகியோரை வைக்கலாம். 1956ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை மாநகராட்சி அரங்கில் நியூஸிலாந்துக்கு எதிராக அவ்விருவரும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தனர். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை 2008ஆம் ஆண்டு வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்தது. அதன்பின் 1971ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் தம் முதல் தொடரிலேயே 774 ஓட்டங்கள் எடுத்துத் தோன்றினார் சுனில் கவாஸ்கர். 125 டெஸ்டுகள், 34 சதங்கள், 10,122 ஓட்டங்கள் என்று பொறுமையின் இலக்கணத்தை அவர் முழுமையாக்கினார்.

அந்த முழுமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1975ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பையில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 எடுத்தது. விடையிறுக்க இறங்கிய கவாஸ்கர் 60 ஓவர்களும் நின்று, 174 பந்துகளைச் சந்தித்து, ஆட்டமிழக்காமல் 36 ஓட்டங்களே எடுத்தார். இந்தியாவின் மொத்தம் 132. புதிதாகப் பிறந்திருந்த ஒருநாள் ஆட்டத்துக்கு டெஸ்டின் இலக்கணம் பொருந்தவில்லை என்பதை அந்த ஓர் ஆட்டமே காட்டிவிட்டது. ஆயினும் அதற்கான புதிய இலக்கணத்தை எழுதுவார் இந்தியாவில் ஒருவரும் அப்போது இல்லை.

கிண்டியிலிருந்து வந்தவர்

1959ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில் பிறந்த ஸ்ரீகாந்த், மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் பயின்ற மின்பொறியாளர். 1981ஆம் ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒருநாள் ஆட்டத்திலும், அடுத்து இரண்டொரு நாளில் பம்பாயில் டெஸ்ட் ஆட்டத்திலும் அறிமுகமானார். மறுமுனையில் நின்றவர் கவாஸ்கர்.

அந்த முதல் டெஸ்ட் அவருக்கு நன்றாக அமையவில்லை. முதல் இன்னிங்ஸில் ஓட்டமேதும் எடுக்கவில்லை. இரண்டாம் இன்னிங்ஸில் 13 எடுத்திருந்தபோது, பந்தை ஆடிவிட்டு, அது இன்னும் ஆட்டத்தில் இருப்பதை மறந்து எல்லைக்கோட்டை விட்டு உலாவச் சென்றார். ஜான் எம்புரி விக்கெட்டை வீழ்த்திவிட்டார். ஆட்டத்தை இந்தியா 138 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. இளைஞருக்கோ கவனமற்றவர் என்ற பெயர் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பந்துக்குப் பின்னும் பக்கவாட்டில் நடந்து சென்று திரும்புவதும், மூக்கை உறிஞ்சுவதும், சூரியனை அண்ணாந்து நோக்குவதும் அவருடைய இயல்புகளாக இருந்தன. சிலர் அவற்றைக் கண்டு நகைத்தனர், சிலர் கண்டித்தனர். டெஸ்ட் அணியில் அவருடைய இடம் நெடுநாள் உறுதிப்படவில்லை. முதல் டெஸ்ட் சதத்துக்கு அவர் நான்காண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

ரமலான் மாதத்து இரவு

1983ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், லார்ட்ஸ் மைதானத்தில் மூன்றாவது உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஹிஜ்ரி 1403ஆம் ஆண்டு ரமலான் மாதத்தின் நடுப்பகுதி அது. மதரஸா விடுமுறையில் ஊர் திரும்பியிருந்த சிறுவரான நாம், பிற்பகலில் கடை ஒன்றின் வானொலியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவராக நின்றோம். வருணனை ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலம் அறிந்த ஒருவர் கேட்டுத் தமிழில் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பந்து வீசப்பட்டிருக்கும். அக்கூட்டத்தில் நோன்பாளிகளும் இருந்தனர். மலை சுற்ற வந்த வெளியூராரும் இருந்தனர். பெரும்பாலோருக்கு ஆட்டத்தின் விதிகள் அரைகுறையாகவே தெரியும். நம்மூர் மொழி பேசும் ஒருவர் அங்கே முன்னின்று ஆடுகிறார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று எதிரில் நின்றவர்கள் ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்னும் நால்வர். உலகம் அதுவரை கண்ட வேகப்பந்துக் கூட்டங்களில் அதற்கு நிகர் அரிது. கவாஸ்கர் இரண்டு ஓட்டங்களில் ராபர்ட்ஸின் பந்தில் ஆட்டமிழந்தார். ஒரு முனை சரிந்தால் மறுமுனையார் ஒடுங்கி நிற்பதே இலக்கணம். ஸ்ரீகாந்த் ஒடுங்கவில்லை. ராபர்ட்ஸின் பந்தை ஒரு முழந்தாளைத் தரையில் ஊன்றிப் பக்கவாட்டில் எல்லைக்கு அனுப்பிய அந்த அடியை, அன்று நேரில் கண்டவர்களும் பின்னர் படத்தில் கண்டவர்களும் இன்றளவும் பேசுகின்றனர். 57 பந்துகளில் ஏழு நான்குகளும் ஓர் ஆறுமாக 38 ஓட்டங்கள் எடுத்து, மார்ஷலின் பந்தில் காலில் வாங்கி வெளியேறினார். நாம் நோன்பு திறக்கும் வேளை வருமுன்பே அவர் ஆட்டம் முடிந்துவிட்டது.

முப்பத்தெட்டு என்பது சிறிய எண். கல்லூரி ஆட்டத்தில் எடுத்தாலும் யாரும் பொருட்படுத்தார். இந்தியா 54.4 ஓவர்களில் 183 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. இரவுத் தொழுகை முடிந்து, நெடுநேரம் கழிந்து செய்தி வந்தது: மேற்கிந்தியர் 140 ஓட்டங்களில் வீழ்ந்தனர், 43 ஓட்டங்களில் இந்தியாவுக்கு வெற்றி. இரு அணியிலும் இருபத்திரண்டு பேர் ஆடிய அவ்வாட்டத்தில் ஸ்ரீகாந்தின் 38ஐ விஞ்சியவர் ஒருவரும் இல்லை. விவியன் ரிச்சர்ட்ஸ் எடுத்ததும் 33 தான். சராசரிக் கணக்கில் இந்த 38 அவருடைய மதிப்பைச் சற்றே உயர்த்தியிருக்கும், அவ்வளவே. அது எந்நாளில், யாருக்கு எதிராக, எந்தக் களத்தில் எடுக்கப்பட்டது என்பதைச் சராசரி சொல்லாது.

நான்கு ஆண்டுகள்

1985 முதல் 1988 வரையிலான ஆண்டுகளே ஸ்ரீகாந்தின் வாழ்வில் வளம் நிறைந்தவை. 1985ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம் மார்ச் 10ஆம் நாள் மெல்போர்னில் நிகழ்ந்தது. பாகிஸ்தான் எடுத்த 176 ஓட்டங்களை இந்தியா இரண்டு விக்கெட்டுகளை மட்டும் இழந்து கடந்தது. ஸ்ரீகாந்தும் ரவி சாஸ்திரியும் முதல் விக்கெட்டுக்கு நூறு ஓட்டங்களுக்கு மேல் சேர்த்தனர். 67 ஓட்டங்கள் எடுத்த ஸ்ரீகாந்தே அன்றைய ஆட்ட நாயகர்.

1986ஆம் ஆண்டு ஜனவரியில் சிட்னியில், இந்தியா நான்கு விக்கெட்டுக்கு 600 ஓட்டங்கள் குவித்த டெஸ்டில், ஸ்ரீகாந்தின் முதல் சதம் வந்தது. அவர் 116, கவாஸ்கர் 172, மொகிந்தர் அமர்நாத் 138. தொடக்கக் கூட்டணி 191 ஓட்டங்கள். அவ்வாண்டு செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த டெஸ்ட், ஓட்டங்கள் சமமாகி முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் 1960ஆம் ஆண்டு பிரிஸ்பேனுக்குப் பின் அத்தகைய முடிவு அதுவே இரண்டாவது. டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்து வெயிலில் நலிந்து மருத்துவமனை சென்ற அவ்வாட்டத்தில், ஸ்ரீகாந்த் 53, 39 என்று இரு முறையும் வேகமாகத் தொடங்கிக் கொடுத்தார். கடைசி நாளில் 348 என்னும் இலக்கைத் துரத்தத் துணிந்த இந்தியா 347இல் நின்றது. சமநிலைக்கு ஆடி நாளைக் கழிக்கலாம் என்றிருந்தால் அவ்வாட்டம் வரலாற்றில் இடம் பெற்றிராது.

1987ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே சேப்பாக்கத்தில் இம்ரான் கானின் பாகிஸ்தான் அணி 487 ஓட்டங்கள் எடுத்த பின், ஸ்ரீகாந்தும் கவாஸ்கரும் முதல் விக்கெட்டுக்கு 200 ஓட்டங்கள் சேர்த்தனர். ஸ்ரீகாந்த் 123, அதுவே அவருடைய டெஸ்ட் உச்சம். அக்கூட்டணியில் ஓட்டங்களை விரைந்து குவித்தவர் ஸ்ரீகாந்த்; கவாஸ்கரின் பங்கு 91.

தமிழில் கிரிக்கெட் வருணனையை வளர்த்தோருள் ஒருவரான சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் குரல் வானொலி வழியே சிற்றூர்களை எட்டிய காலமும் இதுவே. பந்து, மட்டை, விக்கெட்டு என்பவற்றைச் சுற்றித் தமிழ் வாக்கியங்கள் அமையக் கேட்டபோது, ஆங்கிலம் அறிந்தவரின் தயவின்றி ஆட்டத்தைத் தொடர முடிந்தது. திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் உரியதாய் இருந்த ஒன்று, தென்னை மட்டையைச் செதுக்கி ஏரி உள்வாயில் ஆடிய நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. பொறுமையின் இலக்கணத்தைத் தென்னை மட்டையால் ஆட இயலாது. ஓங்கி அடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, இந்திய அணியிலேயே தம்மைப் போல் ஒருவர் இருக்கிறார் என்பது பெரிய செய்தி. அவருடைய பெயர் ஊர்தோறும் நிலைத்ததற்கு இது முதற்காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

இக்கூட்டணியில் கற்றவர் ஸ்ரீகாந்த் மட்டுமல்லர். 1987ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நாகபுரியில் உலகக் கோப்பை ஆட்டத்தில் நியூஸிலாந்துக்கு எதிராக ஸ்ரீகாந்த் 75 எடுத்தார். மறுமுனையில் கவாஸ்கர் 88 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 103 எடுத்தார். கவாஸ்கரின் ஒருநாள் ஆட்ட வாழ்வில் அது ஒன்றே சதம். 1975இல் 174 பந்துகளில் 36 எடுத்த அதே மனிதர் இவர். பன்னிரண்டு ஆண்டுகளில் ஆட்டமும் மாறியிருந்தது; அருகில் நிற்பவரும் மாறியிருந்தார். துணையின் வேகம் துணைவரையும் ஈர்க்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் அறியோம். இந்த ஈர்ப்பையும் எந்தக் கணக்கேடும் ஸ்ரீகாந்தின் பெயரில் பற்று வைக்கவில்லை.

1988ஆம் ஆண்டு டிசம்பரில் வியப்பூட்டும் வேறொரு செய்தி வந்தது. விசாகப்பட்டினத்தில் நியூஸிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் ஸ்ரீகாந்த் 70 ஓட்டங்கள் எடுத்ததோடு, சுழற்பந்தும் வீசி 27 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். சில நாட்களில் இந்தூரில் 32 ஓட்டங்களுக்கு மீண்டும் ஐந்து.

தலைமையும் இழப்பும்

1989ஆம் ஆண்டு அவர் இந்திய அணியின் தலைவரானார். வெங்கட்ராகவனுக்குப் பின் டெஸ்ட் அணிக்குத் தலைமை ஏற்ற தமிழகத்தார் அவரே. சென்ற இடமோ பாகிஸ்தான். 1978ஆம் ஆண்டும் 1982-83ஆம் ஆண்டும் அங்கே சென்ற இந்திய அணிகள் தொடரை இழந்து திரும்பியிருந்தன. இம்முறை எதிரில் இம்ரான் கான், வசீம் அக்ரம், அப்துல் காதிர். கராச்சியில் அறிமுகமான வக்கார் யூனிஸ். அதே கராச்சி டெஸ்டில் இந்தியாவின் பக்கம் அறிமுகமானவர் பதினாறு வயதுச் சச்சின் டெண்டுல்கர். இரு நாட்டையும் சாராத நடுவர்கள் நின்று நடத்திய அத்தொடரின் நான்கு டெஸ்டுகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன.

தோற்காமல் திரும்பிய தலைவர் தலைமையையும் அணியில் தம் இடத்தையும் இழந்தார். அடுத்து நியூஸிலாந்து சென்ற அணிக்கு அசாருதீன் தலைவரானார். இதில் அநீதி இழைக்கப்பட்டது என்று சொல்வோர் உளர். நாமோ இரு பக்கமும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். அந்நான்கு டெஸ்டுகளில் ஸ்ரீகாந்த் ஓர் அரைச்சதமும் எடுக்கவில்லை. தொடக்க ஆட்டக்காரர் மீண்டும் மீண்டும் விரைவில் வீழ்ந்தால், பின்னவர் மேல் சுமை ஏறுகின்றது என்பது மறுக்க முடியாதது. ஆயினும் தலைமைக்கும் மட்டைக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஓர் அணியைக் கடினமான மண்ணில் தோல்வியின்றி நடத்தியது ஒன்று. தம் ஆட்டத்தில் சறுக்கியது மற்றொன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டியதுதான் அங்கே நேர்ந்த குறை.

இரண்டாண்டுகள் கழிந்து 1991-92இல் ஆஸ்திரேலியா செல்லும் அணிக்கு அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். 1992ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெர்த் நகரில் ஆடியதே கடைசி டெஸ்ட். அவ்வாட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைப் பிடித்து அந்நாளைய உலக சாதனையைச் சமன் செய்தார். அடுத்த மாதம் உலகக் கோப்பையில் அடிலெய்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆடியதோடு அவருடைய சர்வதேச வாழ்வு முடிந்தது. 146 ஒருநாள் ஆட்டங்கள், 4091 ஓட்டங்கள், நான்கு சதங்கள், 27 அரைச்சதங்கள். ஒருநாள் ஆட்டங்களில் நாலாயிரம் ஓட்டங்களைக் கடந்த முதல் இந்தியர் அவர்.

எடை போடுதல்

இனி எடைபோடலாம். குறையை முதலில் சொல்வதே முறை. டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு தொடக்க ஆட்டக்காரருக்கு 29.88 என்பது போதாத சராசரி. நல்ல தொடக்கங்கள் பலவற்றை அவர் தாமே வீணாக்கினார் என்பதும் உண்மை. பன்னிரண்டு அரைச்சதங்களுக்கு இரண்டே சதங்கள் என்பது அதைச் சொல்லும். முரளி விஜய் 2014ஆம் ஆண்டு நாட்டிங்காமில் பந்து பந்தாக விட்டு, நின்று, 146 எடுத்ததைப் போன்ற ஓர் ஆட்டத்தை ஸ்ரீகாந்திடம் காண இயலாது. அந்தப் பொறுமையும் தமிழகம் ஈன்ற செல்வமே. அதைக் குறைத்துச் சொல்லி இதைப் பெரிதாக்க நாம் விரும்பவில்லை.

நிறை எங்கே உள்ளது? ஒருநாள் ஆட்டங்களில் 100 பந்துகளுக்கு ஏறத்தாழ 72 ஓட்டங்கள் என்பது ஸ்ரீகாந்தின் வேகம். அக்காலத்தின் தலைசிறந்த தொடக்கக் கூட்டணியான கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ் ஆகியோரின் வேகம் முறையே 65, 63 அளவில் இருந்தது. அவர்களுடைய சராசரி இவரைவிட மிக உயர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்கின்றோம். ஆயினும் முதல் ஓவர்களிலேயே எதிரணியின் திட்டத்தைக் குலைப்பது தொடக்க ஆட்டக்காரரின் பணிகளுள் ஒன்று என்னும் எண்ணம் அப்போது பரவியிருக்கவில்லை. 1992 உலகக் கோப்பையில் நியூஸிலாந்தின் மார்க் கிரேட்பேட்ச் அதைச் செய்தபோது உலகம் வியந்தது. 1996இல் இலங்கையின் ஜெயசூரியாவும் களுவிதரணவும் செய்து, அவ்வாண்டு கோப்பையை அவர்கள் நாடு வென்றபோது, அதுவே புதிய இலக்கணமாயிற்று. ஸ்ரீகாந்தோ 1983இலேயே, அதைப் பிழை என்று பிறர் சொன்ன காலத்தில், உலகின் மிகக் கடுமையான பந்துவீச்சுக்கு எதிராகச் செய்துகாட்டியிருந்தார்.

அவர் வழியில் வந்தவர் செய்த சாதனையையும் இங்கே சேர்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டு மார்ச்சில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வீரேந்திர சேவாக் 319 ஓட்டங்கள் குவித்தார். முதற்பந்திலிருந்தே அடிப்பவர் டெஸ்டில் நிலைக்க மாட்டார் என்ற பழைய வாதம் அத்துடன் ஓய்ந்தது. அன்று மறுமுனையில் நின்று முதல் விக்கெட்டுக்கு 213 சேர்த்தவர் பொறுமையின் வழிவந்த வசீம் ஜாஃபர். மெர்ச்சண்டும் முஷ்தாக் அலியும், கவாஸ்கரும் ஸ்ரீகாந்தும், ஜாஃபரும் சேவாக்கும் என்று நிற்போனும் அடிப்போனும் இணைந்த கூட்டணி எழுபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வந்திருப்பதைக் காண்கின்றோம். அதே 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தேர்வுக் குழுத் தலைவரான ஸ்ரீகாந்த், 2012 வரை அப்பொறுப்பில் இருந்தார். 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகக் கோப்பையை வென்ற அணி, அவர் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்த அணி. இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் இரு கோப்பைகளிலும், ஒருமுறை ஆடுபவராகவும் ஒருமுறை தேர்பவராகவும் அவர் பங்கு கொண்டிருக்கிறார்.

அடுக்கு நூல் எழுதுவோர் ஒருவரை அவரவர் அடுக்கிலேயே வைப்பர். மேல் அடுக்கில் இடமில்லை என்பதற்காக நூலிலிருந்து நீக்கிவிடுவதில்லை. ஓட்டங்களின் அடுக்கில் ஸ்ரீகாந்துக்கு உரிய இடம் கவாஸ்கருக்கு வெகு கீழே, அதில் ஐயமில்லை. வழி திறந்தவர்களின் அடுக்கு என்று ஒன்று எழுதப்படுமாயின், முஷ்தாக் அலிக்குப் பின்னும் சேவாக்குக்கு முன்னும் அவருக்கென ஓரிடம் உண்டு. அந்த இடத்தை நிரப்பக்கூடிய இந்தியர் வேறெவரும் அத்தலைமுறையில் இலர்.